இழுபடும் சக்கரம்

ஐப்பசி அடைமழை ரெண்டு நாள் பிடித்துக்கொண்டால் மணியாச்சியைச் சுற்றியுள்ள கரிசல்காட்டில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. எட்டு வைக்க வைக்க அடியில் மண் சேர்ந்துகொண்டே வரும். பத்தடி போவதற்குள் காலைத் தூக்குவதே பாடாகிவிடும். விவரம் தெரிந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்கள். வண்டிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக முடியாதே.

பனி மூடிய ஓடுதளத்தில் சின்ன விமானத்தை இறக்குகிறவருக்கும் இதே பாடுதான். நம் பக்கத்துப் பனி மார்கழிக் காலையில் வைக்கோல் படப்பின்மேல் நிற்கும் ஈரம், அவ்வளவே. அலாஸ்காவிலும் வட கனடாவிலும் அது முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். ஆனால் சக்கரத்தின் கண்ணில் கரிசல் சேறும் ஈரப்பனியும் ஒன்றுதான். இரண்டும் பாரத்தைத் தாங்காது, அமுங்கும். அமுங்கியது சக்கரத்துக்கு முன்னால் வரப்பாகக் குவியும். சக்கரம் அந்த வரப்பின்மேல் ஏற முயன்றபடியே உருள வேண்டும்.

இன்னொரு உறவும் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரமும் விமானச் சக்கரமும் ஓர் இனம். டிராக்டர், லாரி, கார் வேறு இனம். டிராக்டரின் பின்சக்கரம் மண்ணைப் பிடித்துத் தள்ளி வண்டியை ஓட்டுகிறது. வண்டிச் சக்கரம் எதையும் ஓட்டுவதில்லை. முன்னால் மாடு இழுக்கிறது, அது பின்னால் உருள்கிறது. சின்ன விமானத்தில் மாட்டின் இடத்தில் காற்றாடி இருக்கிறது, அதைத் தவிர வித்தியாசம் இல்லை. பனிக்கு டயர் வாங்கப் போகும் புது விமானிகள் பலர் கார் கடைக்காரர் கேட்கும் கேள்வியையே கேட்கிறார்கள்: பட்டன் எவ்வளவு ஆழம், பிடிமானம் எப்படி? இழுபடும் சக்கரத்துக்கு இது முதல் கேள்வியே அல்ல. அமுங்காமல் இருக்குமா என்பதுதான் அதற்கு முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்த ஒரு பொருள், காற்றடைத்த அகல டயர், எங்கெங்கே சுற்றி எங்கே வந்து நின்றது என்பதே இங்கே சொல்ல வந்த கதை.

டயர் வருவதற்கு முன்பே கரிசல்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். கட்டைவண்டியின் சக்கரம் ஆள் நெஞ்சு உயரம் இருக்கும். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், வெளியே வட்டை, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை. பட்டை மெல்லியது, அதனால் மண்ணைக் கத்தியாகக் கிழித்து இறங்கும். ஆனால் சக்கரம் உயரமாக இருப்பதால், இறங்கிய பள்ளத்திலிருந்து ஏறும் சரிவு மெதுவாக இருக்கும். கொஞ்சம் இறங்கினால் அடியில் இறுகிய மண் கிடைத்துவிடும், அதன்மேல் உருளும். உயரமான சக்கரத்தை மாடு இழுப்பது எளிது என்று தச்சாசாரிகள் கணக்குப் போடாமலே அறிந்திருந்தார்கள். அகலத்துக்குப் பதில் உயரம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. மண் ஒரு முழத்துக்குள் இறுகிக் கிடக்கும் இடத்தில் அது சரியான முடிவு. அடி காணாத சேற்றிலும் பனியிலும் அது செல்லாது.

டயருக்குத் தேவையான ரப்பர் அப்போது அமேசான் காட்டில் இருந்தது. 1876 இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முளைத்தவற்றில் சுமார் 1,900 கன்றுகள் அதே வருடம் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நட்டார்கள். ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பங்கு விக்கம் கொண்டுபோன விதைகளின் வாரிசுகள்தான். அதே 1876 இல்தான் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை திறந்து, மணியாச்சி ஒரு சந்திப்பானது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கரிசல் பருத்தியைத் துறைமுகத்துக்கு இழுத்துப்போன கட்டைவண்டிகளின் தொழிலில் பாதியை அன்றே ரயில் எடுத்துக்கொண்டது. ஸ்டேஷன் வரைக்கும் இழுக்கிற வேலை மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தையும் மாற்றிய பொருள் அந்தக் கன்றுகளிலிருந்து வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845 இல். அதை யாரும் சீந்தவில்லை. 1888 இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதைத் திரும்பக் கண்டுபிடித்தார். கால்நடை மருத்துவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் நம்மூர் மாடுகளின் கழுத்துக்கு அவர் பெயர் கொண்ட டயர்தான் ஆறுதல் தந்தது.

டயர் என்றால் ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் நூல். ரப்பர் அந்த நூலைக் காத்து நிற்கும் தோல். இரண்டாம் உலகப்போர் வரைக்கும் அந்த நூல் பெரும்பாலும் பருத்திதான். கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி அதற்குப் போயிருக்கலாமே என்று தோன்றும். ஆகாது. கருங்கண்ணியின் இழை குட்டை. டயருக்கு முறுக்கேற்றிய வலுவான நூல் வேண்டும், அதற்கு எகிப்துப் பருத்தி, அமெரிக்கக் கடலோரத் தீவுப் பருத்தி என்று நீள இழைகளைத் தேடிப் போனார்கள். போரின்போது நைலான் வந்தது. முதலில் அது ஏறியது போர் விமான டயர்களில்தான். நூறு மைல் வேகத்தில் தரையில் மோதி, ஒரு நொடிக்குள் சுழலத் தொடங்கி, பிறகு பல மணி நேரம் கடுங்குளிரில் மேலே தொங்கும் பொருளுக்குப் பருத்தி போதவில்லை. ரப்பர் விஷயத்தில் மட்டும் செயற்கை முழுதாக ஜெயிக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களில் விடிகாலையில் வடிகிற பாலின் இனத்தைச் சேர்ந்த இயற்கை ரப்பர்தான் இன்றும் விமான டயரில் பெரும்பகுதி. சூட்டைத் தாங்குவதிலும் கிழிபடாமல் நிற்பதிலும் அதற்கு ஈடு இல்லை.

விமானம் பிறந்தபோது அதற்குச் சக்கரமே இல்லை. 1903 இல் ரைட் சகோதரர்கள் பறந்த எந்திரம் தண்டவாளத்தின்மேல் ஓடிக் கிளம்பியது, மணலில் சறுக்குக்கட்டையால் இறங்கியது. 1906 இல் பாரிஸில் சாண்டோஸ் டூமாண்ட் பறந்த எந்திரத்தில் சைக்கிள் சக்கரம் மாதிரி இரண்டு இருந்தன. அடுத்த இருபது ஆண்டுக்கு விமானச் சக்கரம் அப்படித்தான் இருந்தது: உயரம், ஒல்லி, கம்பிகள். நம் கட்டைவண்டிச் சக்கரத்தின் தம்பி என்று சொல்லலாம். விமானங்கள் புல்வெளியில் இறங்கியதால் அது போதுமானதாக இருந்தது. மழையில் வெளி சேறானால் பறப்பதை நிறுத்திக்கொள்வார்கள். இந்தியாவிலும் அப்படித்தான். 1932 இல் டாட்டா தொடங்கிய தபால் விமானங்கள் பம்பாயில் ஜூஹு தளத்தை நம்பியிருந்தன. மழைக்காலத்தில் ஜூஹு தண்ணீரில் மூழ்கும். கடையைத் தூக்கிக்கொண்டு பூனாவுக்குப் போய்விடுவார்கள்.

1920களின் இறுதியில் ஆல்வின் மசல்மன் என்பவர் வேறு வழியில் யோசித்தார். சக்கரத்தின் ரிம்மை மிகச் சின்னதாக்கி, ஏறக்குறைய குடத்தின்மேலேயே ஒரு கொழுத்த டயரை ஏற்றினார். உள்ளே காற்று மிகக் குறைவு. குட்இயர் நிறுவனம் அதை ஏர்வீல் என்ற பெயரில் விற்றது. கூழாங்கல் ஆற்றுப்படுகை, உழுத வயல், மணல்மேடு எங்கும் அது உருண்டது. இன்று பயிற்சி விமானங்களில் இருக்கும் குட்டையான டயர்கள் அந்த வழியில் வந்தவை. அவற்றின் விலாசமே அளவுதான். 6.00-6 என்றால் டயரின் அகலம் ஆறு அங்குலம், ரிம்மின் விட்டமும் ஆறு அங்குலம். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172 இன் இரண்டு முக்கியச் சக்கரங்களில் அதுதான் இருக்கும். மூக்குச் சக்கரத்துக்கு 5.00-5.

இனிப் பனிக்கு வருவோம்.

மண்மேல் விழும் அழுத்தம் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் கிளைகள். டயர் தரையில் படும் பரப்பு, பாரத்தைத் தாங்கும் அளவுக்குப் பரவி நிற்கும். காற்று குறைந்தால் பரப்பு கூடும். பழைய 172 ரகம் ஒன்றின் எடை ஆயிரம் கிலோ சொச்சம். அதன் முக்கியச் சக்கரங்களில் சதுர அங்குலத்துக்கு 29 பவுண்டு காற்று. பெரிய ஜெட் விமானத்தில் 200 பவுண்டு, அதற்குக் கான்கிரீட்டோ தாரோ போல இறுகிய தளம் வேண்டும். அலாஸ்காவில் பைப்பர் சூப்பர் கப் என்ற இரண்டு பேர் விமானத்தில் போடும் 31 அங்குல, 35 அங்குல உயர டயர்களில் ஐந்தாறு பவுண்டுதான் இருக்கும். ஒரு மனிதர் ஒற்றைக் காலில் நிற்கும்போது தரையில் விழும் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, நீங்கள் நடந்து போகக்கூடிய பனியில் அந்த விமானமும் உருளும். கோவில்பட்டிப் பக்கம் சேறான வண்டிப்பாதைக்குள் டிரெய்லரைக் கொண்டுபோகிறவரிடம் பஞ்சர் கடைக்காரர் “அண்ணாச்சி, காத்தக் கொஞ்சம் எறக்கிட்டுப் போங்க” என்று சொல்வது இதே கணக்கைத்தான்.

அப்படியானால் எல்லோரும் பெரிய டயர் போட்டுக் காற்றைக் குறைத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. பனி இறுகிக் கிடந்தால் ஒரு குணம், ஈரமாகிக் கூழானால் வேறொரு குணம். 1960களின் தொடக்கத்தில் நாசாவில் வால்டர் ஹோர்ன் என்ற பொறியாளர் தண்ணீர் தேங்கிய ஓடுதளத்தில் டயர் எப்போது தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கிறது என்று ஆராய்ந்தார். அவர் தந்த சூத்திரம் இன்றும் விமானிப் பாடத்தில் உண்டு: டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்பதால் பெருக்கினால், எத்தனை நாட் வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்று தெரியும். 200 பவுண்டுக்கு சுமார் 127 நாட். 29 பவுண்டுக்கு 48. ஐந்து பவுண்டுக்கு வெறும் 20. செஸ்னா தரை தொடும் வேகமே நாற்பத்தெட்டை ஒட்டி இருக்கும், அதனால் தொட்ட சில நொடிகளில் டயர் தண்ணீரைக் கிழித்துத் தரையைப் பிடித்துவிடும். கொழுத்த டயர் போட்ட விமானமோ, ஈரக்கூழில் இறங்கினால், கடைசிவரை சறுக்கிக்கொண்டே போகும். பிரேக் பேருக்குத்தான். எந்தக் குணம் அதைப் பனியில் அமுங்காமல் காக்கிறதோ அதே குணம் கூழில் அதைக் கைவிடுகிறது. டயர் பட்டியலைப் புரட்டுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அகலம் கூடக்கூட நல்லது என்று கடைக்காரர் சொல்வார். எந்தப் பனி என்று அவர் கேட்கமாட்டார்.

டயரின் முகத்தைப் பார்த்தால் இழுபடும் சக்கரத்தின் இனம் இன்னும் தெளிவாகத் தெரியும். கார்களின் பனி டயரில் குறுக்குவெட்டுப் பட்டன்கள் நிறைந்திருக்கும், சில நாடுகளில் இரும்பு ஆணிகூட அடிப்பார்கள். விமான டயரில் சுற்றிவர நேர்க்கோட்டுப் பள்ளங்கள் மட்டும்தான். தண்ணீர் விலகிப்போக வழி வேண்டும். தள்ள வேண்டிய வேலை இல்லை. அலாஸ்காவின் பெரிய டயர்களில் பல வழவழவென்று முகமே இல்லாமல் இருக்கும்.

இறங்கும் விமானத்தில் முதலில் ஆபத்தில் சிக்குவது பெரிய சக்கரங்கள் அல்ல, முன்னால் இருக்கும் சின்னது. மூக்குச் சக்கரம் பனிக்குவியலில் குத்தினால் விமானம் முன்னால் கவிழும், காற்றாடி தரையைத் தட்டும், எஞ்சின் போச்சு. அதனால் பனிப் பிரதேசத்து விமானிகள் வால்சக்கர விமானங்களையே விரும்புகிறார்கள். முன்னால் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் வாலுக்கடியில் ஒன்று. மூக்குச் சக்கர விமானத்தை வைத்திருப்பவருக்கு என் யோசனை இதுதான்: முக்கியச் சக்கரங்களை மட்டும் பெரிதாக்கிவிட்டு மூக்கை அப்படியே விட்டால் பணம் வீண். முன்னாலும் 6.00-6 பொருத்துவதற்கு ஏற்ற கவை (ஃபோர்க்) கிடைக்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

சக்கரத்தின்மேல் அழகுக்கும் வேகத்துக்கும் ஒரு கூடு மாட்டியிருப்பார்கள். குளிர்காலம் வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். ஓடும்போது பனிக்கூழ் கூட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும், மேலே போனதும் உறைந்து கல்லாகும், இறங்கும்போது சக்கரம் சுழலாது. பிரேக் வட்டும் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். சேற்று ஓடுதளங்களில் பறப்பவர்களும் இதே காரணத்துக்காக அந்தக் கூட்டைக் கழற்றுகிறார்கள். ஆரக்காலுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் இடையில் சேர்ந்த கரிசலைக் குச்சியால் குத்தித் தள்ளிய வண்டிக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குளிர் இன்னொன்றும் செய்யும். மூன்று டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் காற்றழுத்தம் நூற்றில் ஒரு பங்கு குறையும். கோவில்பட்டிச் சித்திரை வெயிலில் 38 டிகிரியில் காற்றடித்த டயரை மைனஸ் 20 க்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். சூடான ஹேங்கரில் காற்றடித்து வெளியே உறைபனியில் நிறுத்துகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். டயர் தளர்ந்து ரிம்மில் நழுவினால் டியூபின் வால்வு அறுந்துவிடும். பெரிய விமானங்களில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடைப்பதற்கு ஒரு காரணம், அதில் உறைந்துபோக ஈரம் இருக்காது.

பனி ஆழமானால் டயர் பேச்சே கிடையாது, சறுக்குப்பலகைதான். ஆனால் சறுக்குப்பலகையைப் பனிக்கு மட்டும் உரியது என்று நினைக்காத ஒருவர் இருந்தார். 1930களில் அலாஸ்காவின் வால்டீஸ் ஊரில் பாப் ரீவ் என்ற விமானி மலைமேல் பனியாற்றுக்கு மேலே இருந்த தங்கச் சுரங்கங்களுக்குச் சாமான் கொண்டுபோனார். மேலே கோடையிலும் பனி, அங்கே இறங்கச் சறுக்குப்பலகை வேண்டும். கீழே ஊரில் கோடையில் பனி இல்லை. எங்கிருந்து கிளம்புவது? கடல் வற்றம் இறங்கியதும் கரையில் தெரியும் களிச்சேற்றில் சறுக்குப்பலகையோடே ஓடிக் கிளம்பினார் ரீவ். பலகைக்கு அடியில் எஃகுத் தகடு. சேற்றையும் பனியையும் ஒரே பொருளாகப் பார்த்த மனிதர்! கரிசலை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. எல்லாச் சமயமும் அவர் ஜெயித்தார் என்றும் இல்லை. 1937 இல் பிராட்ஃபோர்டு வாஷ்பர்ன் என்ற மலையேறியை யூகான் பக்கம் வால்ஷ் பனியாற்றில் இறக்கியபோது, பனி எதிர்பாராமல் கூழாகியிருந்தது. விமானம் அதில் புதைந்தது. நாட்கணக்கில் தோண்டி, விமானத்தைக் காலியாக்கி, ஒருவழியாகக் கிளம்பிப் போனார். திரும்ப வரவில்லை. வாஷ்பர்னும் தோழரும் லூசானியா சிகரத்தில் ஏறிவிட்டு நடந்தே வெளியே வந்து சேர்ந்தார்கள்.

காட்டு விமானிகள் இன்றும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். தெரியாத பனிவெளியில் நேராக இறங்குவதில்லை. பறந்தபடியே சக்கரத்தையோ பலகையையோ பனியில் இலேசாக இழுத்து ஒரு தடம் போட்டுவிட்டு மேலேறி, வட்டமடித்துத் திரும்பி வந்து தடத்தைப் பார்ப்பார்கள். தடம் வெளுப்பாக இருந்தால் சரி. கறுத்துத் தண்ணீர் ஊறியிருந்தால் அடியில் கூழ். வேறு இடம் பார்க்க வேண்டும்.

கூழ் என்ன செய்யும் என்பதைப் பெரிய விமான உலகம் மிகக் கசப்பாகக் கற்றது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழுவை ஏற்றிய விமானம் மேலெழ முடியாமல் ஓடுதளத்தைத் தாண்டிப் போய் மோதியது. 23 பேர் இறந்தார்கள். ஓடுதளத்தின் கடைசிப் பகுதியில் தேங்கியிருந்த பனிக்கூழ் சக்கரங்களைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைத்திருந்தது. இறக்கையில் படிந்த பனியைக் கவனிக்கவில்லை என்று பழி விமானி ஜேம்ஸ் தெய்ன்மேல் விழுந்தது; அவர் குற்றமற்றவர் என்று ஆக 1969 வரை ஆனது. இன்று உலகம் முழுக்க ஓடுதள நிலையை 0 முதல் 6 வரை எண் போட்டு விமானிக்குச் சொல்லும் முறை 2021 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆறு என்றால் உலர்ந்த தளம்.

இதற்கெல்லாம் முன்பே காற்றடைத்த டயர் நம் பக்கமும் வந்துவிட்டது. 1936 இல் டன்லப் நிறுவனம் வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் சாஹாகஞ்சில் இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலையைத் தொடங்கியது. பின்னால் 1959 இல் சென்னை அம்பத்தூரில் இன்னொன்று. மாட்டுவண்டிக்கென்றே டயர் வந்தது. 8.00-19 என்ற அளவை இன்றும் டயர் கம்பெனிகள் விற்கின்றன. அகலம் எட்டு அங்குலம், ரிம் பத்தொன்பது. மக்கள் அதை டயர் வண்டி என்றார்கள். தார் ரோட்டில் அதே ஜோடி மாடு முன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம் இழுத்தது. ரோடும் தப்பித்தது, இரும்புப் பட்டை தாரைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆனால் கரிசல்காரர்கள் கட்டைவண்டியை உடனே விட்டுவிடவில்லை. அதைப் பழமைப் பிடிப்பு என்று எழுதியவர்கள் மழைக்குப் பிறகு காட்டுக்குள் இறங்கிப் பார்க்காதவர்கள். டயர் வண்டியின் சக்கரம் உயரம் குறைந்தது. காய்ந்த பாதையில் பறக்கும், நனைந்த காட்டில் வயிறு தட்டும். பிஞ்சையிலிருந்து களத்துக்குக் கட்டைவண்டி, களத்திலிருந்து டவுனுக்கு டயர் வண்டி என்று பிரித்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அலாஸ்காக்காரர் அகலத்தையும் உயரத்தையும் ஒரே டயரில் வாங்குகிறார், அதற்கு விலை கொடுக்கிறார். ரெண்டையும் ஒன்றாக வாங்க முடியாதவர் ரெண்டு வண்டி வைத்துக்கொண்டார்.

விமான டயரே நேராக மாட்டுவண்டிக்கு வந்த கதையும் இருக்கிறது. ஒரு விமான டயர் தேய்ந்தால் தூக்கிப்போட மாட்டார்கள். உள்கட்டு நன்றாக இருக்கும்வரை முகத்தை மட்டும் புதிதாக ஒட்டிப் பலமுறை பயன்படுத்துவார்கள். ஒரு கட்டத்தில் இனிமேல் பறக்க லாயக்கில்லை என்று கழிப்பார்கள். பறக்கத்தான் லாயக்கில்லை, மணிக்கு நாலு மைல் போகும் வண்டிக்கு அது சாகாவரம் பெற்ற டயர். கழித்த விமான டயர்கள் ஏலத்தில் பழைய டயர் வியாபாரிகள் கைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் போய்ச் சேர்ந்தன. முகத்தில் நேர்க்கோட்டுப் பள்ளம் மட்டும் இருப்பதைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இழுபடும் வேலையிலிருந்து இழுபடும் வேலைக்கே வந்ததால் அதற்கு எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

மணியாச்சி வட்டாரத்தில் விமானம் இறங்கும் இடம் ஒன்றல்ல. கயத்தாறில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடந்தது. இப்போது அங்கே காற்றாலைச் சோதனை நிலையம். கோவில்பட்டிக்குத் தெற்கே நாலாட்டின்புதூர்ப் பக்கம் தோணுகாலில் இன்னொன்று. விமானப் பயணிகளுக்குரியது தூத்துக்குடி வாகைக்குளம். 1992 இல் திறந்தது, 1,350 மீட்டர் ஓடுதளத்தோடு பல வருஷம் ஓட்டி, இப்போது 3,115 மீட்டராக நீண்டு 2025 ஜூலையில் புது முனையமும் பெற்றுவிட்டது.

இங்கே யாரும் டயரை மாற்றி மண்ணோடு சமாதானம் பேசவில்லை, மண்ணையே மாற்றினார்கள். கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களி தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். ஓடுதளம் போடுகிறவர்கள் மண்ணின் தாங்கு திறனை நூற்றுக்கு இவ்வளவு என்று அளப்பார்கள்; நன்றாக நொறுக்கிய ஜல்லிக்கு நூறு என்றால் நனைந்த கரிசலுக்கு ரெண்டு, மூணுதான் வரும். கரிசலைத் தோண்டி எறிந்து சரள் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு கலந்து சாந்தப்படுத்த வேண்டும். போர்க்காலத்தில் பர்மா முனையில் அதற்கு நேரம் இல்லை. துளையிட்ட இரும்புத் தகடுகளைச் சேற்றின்மேல் கோத்து விரித்தார்கள். தார் தோய்த்த சணல் துணியைப் பாய் போல விரித்து அதன்மேல் டகோட்டா விமானங்களை இறக்கினார்கள். சாக்குத் துணியில் ஓடுதளம்!

டகோட்டா என்ற அந்த விமானத்தின் சக்கரத்தில் 17.00-16 என்ற கொழுத்த டயர். வால்சக்கர விமானம், மிதமான காற்று, கட்டாந்தரையிலும் இறங்கும். 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு லடாக்கின் லேயில் இறக்கியது டகோட்டாவைத்தான். பத்தாயிரம் அடிக்கு மேல், பொறியாளர் சோனம் நோர்பு ஆள்களை வைத்து அவசரமாகச் செதுக்கிய மணல் தளம். அது சேறாகவோ ஈரப்பனியாகவோ இல்லாமல் உலர்ந்து கிடந்தது அன்றைய அதிர்ஷ்டம்.

அதே டகோட்டா உடம்பை நீட்டி, புது எஞ்சின் மாட்டி, பாஸ்லர் என்ற பெயரில் அண்டார்க்டிகாவில் இன்றும் ஓட்டுகிறார்கள். இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்குப் பக்கத்தில் ரஷ்யர்களின் நோவோ ஓடுதளம் இருக்கிறது. காற்றே இல்லாமல் இறுகிய நீலப் பனிக்கட்டி. கான்கிரீட் மாதிரி இறுகியிருப்பதால் பெரிய இல்யூஷின் 76 விமானமே அங்கே சாதாரணச் சக்கரத்தில் இறங்குகிறது. அங்கிருந்து உள்ளே, மென்பனிக்குப் போகிற பாஸ்லருக்குச் சக்கரமும் உண்டு, சறுக்குப்பலகையும் உண்டு. பலகையின் நடுவில் ஒரு துளை, துளைக்குள் டயர். விமானி சக்கரத்திலும் இறங்கலாம், பலகையிலும் இறங்கலாம். எந்தத் தரைக்கு எந்தச் சக்கரம் என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டிய தொல்லை அவருக்கு இல்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் எடை, அவர் ஏற்றிச் செல்லக்கூடிய சாமானிலிருந்து கழிந்துவிடுகிறது.

தோணுகால் தளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி அமைக்கத் தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் முயற்சி எடுத்திருக்கிறது. பயிற்சி விமானம் என்றால் பெரும்பாலும் 6.00-6 டயர்தான், முப்பது பவுண்டுக்குக் கொஞ்சம் முன்பின். கோடையில் அதற்கு எந்தக் குறையும் இல்லை. புது மாணவர்கள் பிரேக்கை அழுத்திப் பிடித்து ஓரிடத்தில் மட்டும் டயரைத் தேய்த்துத் தட்டையாக்குவார்கள், பள்ளி மாற்றிப் போட்டுக்கொள்ளும். ஐப்பசியில்தான் பாடம் மாறும். தாரை விட்டு இரண்டடி விலகினால் போதும், முப்பது பவுண்டு டயர் கரிசலில் அச்சு வரைக்கும் போய்விடும், முதலில் மூக்குச் சக்கரம். அப்புறம் காற்றாடியைத் தொடாமல், வாலைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்து எடுக்க வேண்டும். அதற்கு டிராக்டர் தேவையில்லை, அது வந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும். பலகை நாலு போட்டு, ஆள்கள் பத்துப் பேர் வெறுங்காலோடு இறங்கினால் வந்துவிடும்.